எண்ணிய மரங்களும் எண்ணாத கிணறுகளும்

மழைக்காட்டு ஆராய்ச்சியைப் பற்றித் தீவகத்தில் நின்றுகொண்டு பேசுவதா என்று சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு இடமும் இருக்கிறது. ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் காடென்று காட்டக்கூடியவை பனங்கூடலும், முட்பற்றையும், கரையோரத்துக் கண்டலுமே. சிங்கராஜ வனத்தில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பங்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதிலும் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே பெய்து ஓய்ந்துவிடுகிறது. எஞ்சிய மாதங்களில் தீவக மக்கள் குடிப்பது அந்த மூன்று மாத மழையில் நிலம் சேமித்து வைத்த மிச்சத்தையே.

இருந்தும், அயனமண்டல மழைக்காடுகளைப் பற்றி உலக விஞ்ஞானிகள் இன்று கண்டு சொல்வதை நெடுந்தீவுக் குடியானவனும், அவன் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் ஆசிரியரும் அறிந்தாக வேண்டும் என்பது நமது கட்சி. அறிந்தால் மட்டும் போதாது. அந்த விஞ்ஞானம் அங்கே ஏன் வளர்ந்தது, இங்கே ஏன் வளரவில்லை என்றும் கேட்டாக வேண்டும். விஞ்ஞானத்தை மூலஸ்தானத்து விக்கிரகம்போலக் கும்பிடும் பழக்கம் நம் பாடசாலைகளில் இருக்கிறது. எந்த விதி எவனுடைய தேவைக்காக, எவனுடைய பணத்தில் பிறந்தது என்று மாணவன் கேட்பதில்லை. கேட்டால், அது பரீட்சைக்கு வராது என்று ஆசிரியர் வாயை அடைத்துவிடுகிறார். நாம் கேட்போம்.

‘அயனமண்டல மழைக்காடு’ என்னும் தொடரை விஞ்ஞான வழக்கில் நிலைநாட்டியவர் ஷிம்பர் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், ஆண்டு 1898. ஐரோப்பிய வல்லரசுகள் அயனமண்டலத்தைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த காலம் அது. இலங்கை மலைநாட்டின் காடுகளை அதற்கு முன்பே வெட்டிச் சாய்த்துக் கோப்பி நட்டிருந்தார்கள். 1869 இல் கோப்பி இலையில் துரு நோய் கண்டது. விழித்துக்கொண்ட துரைத்தனம், மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானியை 1880 இல் இங்கிலாந்திலிருந்து அழைத்துவந்து ஆராய வைத்தது. காடு அழிந்தபோது எழாத கேள்வி, தோட்டத்துரையின் இலாபம் அழிந்தபோது எழுந்தது. பின்னர் தேயிலை வந்தது. தோட்டங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் குறித்தார்கள். மலைநாட்டின் மழைக்கணக்கு இன்று நெடிய வரிசையாகக் கிடைக்கிறதென்றால் அந்தத் தோட்டக் கணக்கும் அதற்கு ஒரு காரணம். கொழுந்து பறித்தவளின் லயத்துக் கூரை வழியே எத்தனை அங்குலம் ஒழுகியது என்று எவரும் குறிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

பனாமாவின் கதை இன்னும் வேடிக்கையானது. கால்வாய் வெட்டுவதற்காகச் சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது ஒரு பெரிய ஏரி எழுந்தது. ஒரு குன்றின் தலை நீருக்கு மேலே நின்று தீவாயிற்று. பாரோ கொலராடோ என்பது அதன் பெயர். கால்வாய்ப் பகுதி அப்போது அமெரிக்க ஐக்கிய நாட்டின் ஆளுகையில் இருந்தது. 1923 இல் அத்தீவு ஆராய்ச்சிக்கென ஒதுக்கப்பட்டது. 1946 முதல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கிறது. 1980 களின் தொடக்கத்தில் அங்கே 50 ஹெக்டேயர் காட்டை அளந்து, ஒரு சென்றிமீற்றர் விட்டமுள்ள கன்று முதல் வானளாவிய மரம் வரை ஒவ்வொன்றுக்கும் இலக்கத் தகடு கட்டினார்கள். ஐந்து ஆண்டுக்கொருமுறை திரும்பவும் அளப்பது ஏற்பாடு. எது பருத்தது, எது செத்தது, எது புதிதாக முளைத்தது என்பதெல்லாம் பேரேட்டில் ஏறின.

இதனால் விளைந்த பயனை மறுப்பவன் மூடன். 1983 இல் எல் நினோ காலத்துக் கடும் வரட்சி அத்தீவைத் தாக்கியது. முன்பே எண்ணி வைத்திருந்தமையால், வரட்சியின் பின் மரச்சாவு எவ்வளவு கூடியது, எந்த இனம் தாங்கியது, எந்த இனம் தளர்ந்தது என்று அவர்களால் கூற முடிந்தது. முன்கணக்கு இல்லாதிருந்தால் ‘ஏதோ சில மரங்கள் பட்டன’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லியிருக்க முடியாது. இந்த ‘முன்கணக்கு’ என்பதை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நமது வழக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

அதே முறையை நம் நாட்டிலும் கையாண்டிருக்கிறார்கள். சிங்கராஜாவில் 1970 களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைக்காக இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தார்கள். எதிர்ப்பு எழுந்தது, விஞ்ஞானிகளும் பொதுமக்களும் சேர்ந்து எழுப்பிய குரல் அது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் தறிப்பு நின்றது. 1988 இல் உலக மரபுரிமைத் தலமாயிற்று. 1993 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான நிமல் குணத்திலக்கவும் சாவித்திரி குணத்திலக்கவும் அங்கே 25 ஹெக்டேயர் நிலத்தை வகுத்து, பனாமாவின் முறைப்படியே கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மரங்களும் கன்றுகளும் இலக்கமிடப்பட்டன. அந்த உழைப்புக்கு நாம் தலைவணங்குகிறோம். அட்டை கடிக்க, மழையில் நனைந்து, ஒவ்வொரு மரமாகத் தொட்டு அளந்த உதவியாளர்களுக்கும் சேர்த்தே வணங்குகிறோம். ஆராய்ச்சிக் கட்டுரையின் தலைப்பில் அவர்கள் பெயர் வருவது அரிது.

இத்தகைய கணக்குகளைக் கண்டம் கண்டமாகச் சேர்த்துப் பார்த்தபோது அச்சமூட்டும் உண்மைகள் வெளிப்பட்டன. தொழிற்சாலைகளும் மோட்டார் வண்டிகளும் கக்கும் கரியமிலவாயுவில் ஒரு பகுதியை மழைக்காடுகள் உறிஞ்சி மரமாக்கி வைத்திருந்தன. அமேசன் காட்டில் அந்த உறிஞ்சும் ஆற்றல் 1990 களுக்குப் பின் தளர்ந்து வருவதாக 2015 இல் ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆபிரிக்கக் காடுகளிலும் தளர்ச்சி தொடங்கிவிட்டது என்பதை 2020 இல் வெளியான ஆய்வு காட்டிற்று. தென்கிழக்கு அமேசன் உறிஞ்சுவதைக் காட்டிலும் மிகுதியாக வெளியிடுகிறது என்று விமானத்திலிருந்து காற்றைப் பிடித்து அளந்தவர்கள் 2021 இல் அறிவித்தார்கள். 1958 இல் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420 ஐத் தாண்டிவிட்டது. காடு கைவிட்டால் மீதி எங்கே போகும்? காற்றில் நிற்கும். வெப்பம் ஏறும், பனிப்பாறை உருகும், கடல்நீர் சூடேறி விரியும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்றிமீற்றர் உயர்ந்தது என்பது சர்வதேசக் காலநிலைக் குழுவின் கணிப்பு. இந்நூற்றாண்டின் முடிவுக்குள், கரியமிலவாயுவை வெகுவாகக் குறைத்தாலுங்கூட 28 முதல் 55 சென்றிமீற்றர் வரையும், மிகுதியாக வெளியிட்டால் ஒரு மீற்றர் வரையும் உயரக்கூடும் என்கிறார்கள்.

அமேசனில் பட்டுப்போன மரத்துக்கும் நெடுந்தீவுக் கிணற்றுக்கும் உள்ள உறவு இங்கேதான் தொடங்குகிறது.

தீவகம் சுண்ணக்கல் நிலம். பெய்த மழை வெடிப்புகளின் வழியே கீழிறங்கி, அடியில் ஊடுருவி நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் இலேசு, கடல்நீர் கனம், அவ்வளவுதான் காரணம். நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த வில்லைபோல அந்த நன்னீர் கிடக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் உண்டு என்பது விதி. இதன் மறுபக்கத்தை எண்ணிப் பாருங்கள். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி குறைகிறது. உவர்நீர் அந்த அளவுக்கு மேலெழுகிறது. துலாவும் பனையோலைப் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் கிணறு மெல்ல வற்றி மெல்ல ஊறியது. நீரிறைக்கும் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் மடமடவென்று உறிஞ்சும்போது, அடியிலுள்ள சவர் கூம்புபோல எழுந்து கிணற்றுக்குள் வந்துவிடுகிறது. ஒருமுறை சவரான கிணறு நல்ல தண்ணீராகப் பல மாரிகள் செல்லும்.

கடல் உயர்ந்தால் என்ன ஆகும்? உயரமான தீவில் நன்னீரும் சேர்ந்து மேலே எழ இடமுண்டு. நமது தீவுகளின் பெரும்பகுதி கடலுக்குச் சில மீற்றரே மேலே நிற்கிறது. தாழ்ந்த இடங்களில் நன்னீர் எழுந்தால் நிலத்துக்கு மேலே வந்து ஆவியாகிப் போகும். கரை உள்வாங்கினால் வில்லையின் அகலம் சுருங்கும்; அகலம் சுருங்கினால் தடிப்பும் குறையும். புயற்காலத்து அலை ஒருமுறை தரவைக்குள் ஏறிவிட்டால் கிணறுகளின் கதி சொல்ல வேண்டியதில்லை. மழையும் முன்போல் நின்று நிதானித்துப் பெய்யாமல் சில நாட்களில் கொட்டித் தீர்க்குமானால், நிலம் குடிப்பதற்கு முன்பே வெள்ளம் கடலைச் சேர்ந்துவிடும். தூர்ந்த குளமும் உடைந்த வரம்பும் அதற்குத் துணை.

நன்னீரின் இந்த விதியைக் கண்டவர்களுள் ஒருவர் கைபன் என்ற ஒல்லாந்தப் பொறியியலாளர். 1880 களின் இறுதியில் ஆம்ஸ்ரடாமின் அருகே நீர் தேடியபோது அவர் இதைக் கண்டார். ஹேர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியர் வட கடல் தீவு ஒன்றில் கிணறு தோண்டி 1901 இல் தனியாக அதையே கண்டார். இதே ஒல்லாந்தர் அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும், ஊர்காவற்றுறைத் தீவுக்கு லெய்டன் என்றும் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டியவர்கள். நெடுந்தீவில் குதிரை வளர்த்தார்கள். அவற்றின் வழித்தோன்றல்கள் இன்றும் தரவையில் அலைகின்றன. கடும் வரட்சியில் தண்ணீரின்றிச் சாகின்றன. அதைப் படம் பிடிக்க ஆட்கள் வருகிறார்கள்.

தீவகத்தை ஆண்டவர்கள் கணக்கே எழுதவில்லை என்று நாம் கூறவில்லை. நன்றாக எழுதினார்கள். நயினாதீவில் 12 ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டொன்று இருக்கிறது. முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பரதேசி வணிகர் ஊராத்துறையிலே வந்திறங்க வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு. வணிகச் சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. கப்பல் உடைந்தாலுங்கூட அரசனின் பங்கு உடையக்கூடாது என்பதில் எவ்வளவு கவனம்! தீவில் இருந்தவன் எதைக் குடித்தான் என்பது கல்லில் வெட்டத்தக்க விஷயமாக அன்று எவருக்கும் தோன்றவில்லை.

இன்று மட்டும் தோன்றிவிட்டதா? நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் கொடுக்கும் திட்டத்தின் கதையைப் பாருங்கள். ஆசிய அபிவிருத்தி வங்கியின் நிதியில் நடைபெறவிருந்த அந்த வேலை 2021 ஜனவரியில் ஒரு சீனக் கூட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டின் இறுதியில், மூன்றாம் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலை என்று காரணம் காட்டிச் சீனர் நிறுத்திக்கொண்டார்கள். 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு. 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடை. 2024 மார்ச்சில் பெங்களூர் நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தம். சூரிய ஒளியில் 1,700 கிலோவாற்று, காற்றில் 530 கிலோவாற்று என்ற கணக்கு அதற்குள் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. இரண்டு வல்லரசுகளின் தூதரகங்களும் இந்த மூன்று தீவுகளின் பெயரையும் பிழையின்றி உச்சரிக்கக் கற்றுக்கொண்டன. தீவுகளின் வரைபடம் கொழும்பிலும் டில்லியிலும் பீக்கிங்கிலும் மேசைமேல் விரிந்தது. அந்த வரைபடங்களில் கடற்பாதை இருந்தது, தூரம் இருந்தது. எந்தக் கிணறு எந்த மாதத்தில் சவராகிறது என்ற குறிப்பு இருந்ததா? புகையில்லா மின்சாரம் வருவதை நாம் வரவேற்கிறோம். மூன்று ஆண்டுகள் இரண்டு பெரியவர்களின் கோபம் ஆறும்வரை மண்ணெண்ணெய் விளக்கின் பக்கத்தில் இருந்து பாருங்கள் என்று தீவானுக்குச் சொல்லாமற் சொன்ன அந்த நாகரிகத்தைத்தான் வெறுக்கிறோம்.

2015 இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசிய வனமாகப் பிரகடனமாயிற்று. 2025 செப்டெம்பரில் மண்டைதீவில் சர்வதேசக் கிரிக்கெட் அரங்குக்கு அடிக்கல் நாட்டினார்கள். இளைஞர் விளையாடுவதற்கு நாம் எதிரிகள் அல்லர். ஆனால் அச்சிறு தீவின் தாழ்நிலம் ஒரு மாரியில் எவ்வளவு நீரைப் பிடித்து வைக்கிறது, கண்டல் எவ்வளவு கரையைக் காக்கிறது என்ற பல்லாண்டுக் கணக்கு ஊரவர் கையில் இருந்திருந்தால், ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் இலக்கங்களைக் கொண்டு வாதிட்டிருப்பார்கள். இப்போது குரலின் உரப்பைக் கொண்டு வாதிடுகிறார்கள்.

ஆராய்ச்சியே நடைபெறவில்லை என்பதும் நமது வாதமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தாரும் நீர்வழங்கல் சபையாரும் நிலத்தடி நீரைப் பரிசோதித்திருக்கிறார்கள். பொறியியலாளர் ஆறுமுகம் 1954 இல் ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தைத் தந்தார். கடல்நீர்ப் பரவைகளை நன்னீராக்கும் அந்த யோசனையை அரசாங்கங்கள் மாறிமாறி அரைகுறையாக விட்டன. குறை எங்கே என்றால் தொடர்ச்சியில். திட்டத்துக்குப் பணம் வருகிறது, இரண்டு ஆண்டு அளக்கிறார்கள், ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறார்கள், பணம் முடிகிறது, அறிக்கை அலுமாரிக்குள் போகிறது. கிணற்றைத் திறந்து காட்டிய வீட்டுக்காரிக்கு அவள் தண்ணீரில் என்ன இருந்தது என்று ஒரு துண்டுக் காகிதமாவது கிடைப்பதில்லை. போரோ இன்னொரு பக்கம். 1990-91 இல் தீவகத்தின் பெரும்பாலான மக்கள் இடம்பெயர்ந்தார்கள். இறைப்பாரற்ற கிணறுகள் தூர்ந்தன. காவலரண்களுக்காகப் பனைகள் தறிக்கப்பட்டன. எவ்வளவு இழந்தோம் என்று இன்று எவராலும் துல்லியமாகச் சொல்ல முடியாது. முன்கணக்கு இல்லை.

இந்த இடத்தில் நம்மவர் சிலர் எழுந்து, முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள், குளமும் கேணியும் துரவும் வெட்டி வைத்தார்கள், மேனாட்டான் நமக்கு என்ன கற்பிப்பது என்று முழங்குவார்கள். குளமும் கேணியும் துரவும் அறிவின் சின்னங்களே, ஐயமில்லை. ஆனால் அம்முன்னோர் கண்ட கடல் ஏறிவரும் கடலன்று. மேலும், எந்த முன்னோர்? பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் உயர்குலத்தார் கிணற்றில் கை வைக்க முடியாமல், எவராவது வந்து குடத்தில் ஊற்றும்வரை வெயிலில் காத்துநின்ற முற்றமும் அந்தப் பொற்காலத்தின் முற்றம்தானே? தாழ்ந்த கரையோரக் காணியில் குடியிருத்தப்பட்டவன் கிணறே முதலில் சவராகும் என்பதற்கு விஞ்ஞானி வந்து சொல்ல வேண்டுமா? தண்ணீரைக் கணக்கெடுக்கப் புகுந்தால் யாருடைய தண்ணீர் என்ற கேள்வியும் உடன் எழும். சிலருக்குக் கணக்கே பிடிக்காமற்போவதன் இரகசியம் அதுவாக இருக்கலாம்.

வேறு சிலர் நம் பக்கத்தவர்கள். காற்றைக் கெடுத்தவை முதலாளித்துவ நாடுகள், பரிகாரத்தை அவர்களே செய்யட்டும் என்கிறார்கள். குற்றவாளி யார் என்பதில் அவர்களோடு நாம் முற்றிலும் ஒத்துப்போகிறோம். ஒரு வழக்குக்குக் குற்றவாளி மட்டும் போதுமா? 2022 இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக் மகாநாட்டில், காலநிலை மாற்றத்தால் இழப்படைந்த ஏழை நாடுகளுக்கு ஈடு செய்ய ஒரு நிதியம் அமைக்க இணங்கினார்கள். இணங்கியவர்கள் எளிதில் காசை அவிழ்ப்பவர்கள் அல்லர். இந்தக் கிணறு முன்பு நல்ல தண்ணீர் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். உங்கள் நாட்டில் அதிகமாக இறைத்ததால் சவரானது, கடல் ஏறியதால் அன்று என்பார்கள். இரண்டையும் பிரித்துக் காட்டுவதற்கு மழை, இறைப்பு, நீர்மட்டம், உவர் என்னும் நான்கின் நெடுங்காலக் கணக்கு வேண்டும். பாரோ கொலராடோவின் மரத்துக்கு அந்த அத்தாட்சி இருக்கிறது. நயினாதீவுக் கிழவிக்கு அவள் நாக்கு மட்டுமே சாட்சி. அவள் நாக்கை எந்த நிதியம் ஏற்கும்?

ஆண்டுதோறும் ஜூன் 5 ஆம் திகதி பாடசாலைகளில் மரக்கன்று நாட்டும் வைபவத்தைப் பற்றிப் பேசாமலே விடலாம். ஜூன் மாதத்தில் தீவகத்தில் கன்று நாட்டினால் அதற்கு வார்க்கத் தண்ணீர் எங்கே என்று விழாவுக்கு வரும் பிரமுகர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆசிரிய நண்பர்களிடமும் மாணவர்களிடமும் நாம் கேட்பது இது. தீவகத்துப் பாடசாலை ஒவ்வொன்றும் பத்துக் கிணறுகளைப் பொறுப்பேற்கட்டும். ஐந்து உள்ளூரில், ஐந்து கரையோரத்தில். அவற்றுள் சில, இதுவரை எவரும் எட்டிப் பார்க்காத குடியிருப்புகளின் கிணறுகளாக இருக்க வேண்டும். கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தை அளக்கலாம்; உவரை அளக்கும் கையடக்கமான மின்கடத்து மானி பழைய மாணவர் சங்கம் வாங்கித் தர முடியாத விலையன்று. பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி. மாதம் இருமுறை, குறித்த நாளில், குறித்த நேரத்தில். பரீட்சை நடந்தாலும், திருவிழா நடந்தாலும். எந்த வீட்டில் இயந்திரம், எந்த வீட்டில் வாளி என்பதையும் குறிக்க வேண்டும். தாவரவியல் மாணவர் கண்டலின் எல்லையை ஆண்டுக்கொருமுறை கயிறு பிடித்துப் பார்க்கட்டும். முறையைச் சரிபார்த்துத் தரும்படி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைக் கேட்கலாம்; பேராதனையின் அனுபவத்தையும் கேட்கலாம்; அங்கே சிங்களத் தோழர்கள் மழையில் நனைந்து கற்றதை நமக்குச் சொல்லித்தர மறுக்கமாட்டார்கள்.

எழுதுவது தமிழில் இருக்கட்டும். மாதந்தோறும் இலக்கங்களைப் பாடசாலைச் சுவரிலும், குறிகாட்டுவான் இறங்குதுறையிலும் ஒட்டலாம். படகுக்குக் காத்திருப்பவர்களுக்கு வாசிக்க வேறென்ன இருக்கிறது? பேரேட்டை மூன்று பிரதிகளாக எழுத வேண்டும். 1981 இல் ஒரு நூலகம் எரிந்ததைக் கண்ட ஊர் இது. ஒன்று பாடசாலையில், ஒன்று பல்கலைக்கழகத்தில், ஒன்று கடல் கடந்து வேறொரு தீவில் இருக்கட்டும்.